பூத் அக்கா வாசித்த கடைசி அத்தியாயம்

சோழ நாட்டிலிருந்து போருக்குப் போன வீரர்களின் மனைவிமார்கள் அத்தனை பேரையும் நேரில் பழகியது போல அறிந்தவர் ஒருவர் உண்டென்றால், அது நாகப்பட்டினம் பூத் அக்காதான். பேருந்து நிலையத்துக்கு எதிரே எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் நடத்தினார். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகத் தஞ்சாவூருக்கும் நாகைக்கும் அலைந்துகொண்டிருந்த நான், சாயங்காலம் அங்கிருந்துதான் ஆபீசுக்குப் போன் செய்வேன்.

அக்கா படிப்பது சரித்திர நாவல் மட்டும். அதிலும் போர்க்காலத்தில் பெண்கள் பட்ட பாடு வரவேண்டும். வாள் சுழலும் பக்கங்களைக் கொட்டாவி விட்டுக்கொண்டே படிப்பார்.

"ஆறு மாசம் கோட்டைய வளைச்சுட்டான். வேதாரண்யத்துலேருந்து உப்பு வண்டி வந்திருக்காது. உள்ள இருந்த பொம்பளைங்க உப்புக்கு என்ன பண்ணாங்க? ராணி ஒரு நாளாவது எண்ணெய் தேச்சுக் குளிச்சாளா? எழுதியிருக்காரா பாருங்க!" என்று என்னிடம் சண்டைக்கு வருவார், நாவலை நான்தான் எழுதியது போல.

ஒருமுறை சீர்காழி நெல் வியாபாரி ஒருவர் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஆற அமரப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா கதவைத் தட்டி, "சுருக்கப் பேசுங்க, இங்க கோட்டைக் கதவு உடையப் போவுது" என்றார். மனிதர் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே ஓடியே வந்துவிட்டார்.

வளைகுடாவுக்கு லைன் கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. பெஞ்சில் காத்திருக்கும் பெண்களுக்கு அக்கா நாவலை உரக்க வாசிப்பார். ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டதால் என்னை வாசிக்கச் சொன்னார். கதையில் சூரியன் மறைய நாலு பக்கம் எடுத்துக்கொண்டதால் நான் நைசாகத் தாண்டினேன். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"எழுதுனவரு இருக்க, நடுவுல நீங்க யாரு சார்?"

அந்த வருஷம் நடந்த கதை, நாகையிலிருந்து கப்பலேறிக் கடாரத்துக்குப் போருக்குப் போன படைத்தலைவனின் மனைவி அமுதவல்லியைப் பற்றியது. மூன்று பாகம். அவன் கப்பலேறிய அத்தியாயத்தில், "எந்த ஏஜென்ட் மூலமா போனாரு?" என்று கேட்டாள் பெஞ்சில் காத்திருந்த ஆரோக்கியம். அவள் புருஷன் குவைத்தில் டிரைவர். இரண்டாம் பாகம் நடந்துகொண்டிருக்கும்போது குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தது. லைன் செத்துப்போனது. ஆரோக்கியம் தினமும் வந்தாள். அக்கா தினமும் நம்பரைச் சுழற்றிப் பார்ப்பார், பிறகு வாசிப்பார்.

ஒரு திங்கட்கிழமை ஆரோக்கியம் சொன்னாள்: "நேத்து வேளாங்கண்ணிக்குப் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேங்க்கா. எங்க வீட்டுக்காரருக்கும் அமுதவல்லி வீட்டுக்காரருக்கும் சேத்து, ஒரே வத்தியா."

"அவ சிவன் கோயிலுக்குப் போறவடி."

"இருக்கட்டுங்க்கா. மாதா அதெல்லாம் பாக்காது. ஒருத்தரு வந்துட்டா இன்னொருத்தரும் வந்துடுவாரு."

மூன்றாம் பாகத்தை அக்காவுக்காகத் தஞ்சாவூரில் வாங்கி, பஸ்ஸிலேயே படித்து முடித்திருந்தேன். அக்காவைத் தனியே கூப்பிட்டுக் கடைசி அத்தியாயத்தைக் காட்டினேன். படித்தார். மூடிவைத்தார்.

கடைசி அத்தியாயம் வந்த அன்று நான் கூண்டுக்குள் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றேன். மறுமுனையில் மேனேஜர் திட்டிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. அக்கா தடுமாறாமல் வாசித்தார். தாள்களைக்கூட அந்தந்த நேரத்தில் திருப்பினார். படைத்தலைவன் கப்பலைவிட்டு இறங்கினான். இளைத்திருந்தான், ஆனால் முழுசாக இருந்தான். அமுதவல்லி வெந்நீர் போட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினாள். பிறகு, மூன்று பாகமும் சுத்த சைவமாக இருந்த அந்த அம்மாள், கொடுவா மீன் குழம்பு வைத்தாள். ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை. ஆரோக்கியம் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, பம்பாயிலிருந்து பூத்துக்குப் போன் வந்தது. பாலைவனம் தாண்டி, விமானம் ஏற்றப்பட்டு, கட்டிய துணியோடு வந்திறங்கியிருந்தான் ஆரோக்கியத்தின் புருஷன். அக்கா ஆளனுப்பி அவளை அழைத்துவரச் சொன்னார். அவன் இரண்டாம் முறை கூப்பிட்டபோது ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இவ்வளவுதான் சொன்னாள்: "வாங்க, வெந்நி போட்டு வைக்கிறேன்."

அவள் போனபிறகு கேட்டேன். "அக்கா, புத்தகத்துல அவன் கடாரத்துலேயே செத்துடுறானே?"

"அச்சுப்பிழை" என்றார் அக்கா, அடுத்த நாவலிலிருந்து தலையை எடுக்காமல்.

செல்போன் வந்து பூத்தெல்லாம் போய்விட்டது. அக்கா எங்கே இருக்கிறார் என்று தெரியாது. போன மாதம் புத்தகக் கடையில் அந்த நாவலின் புதுப் பதிப்பைப் பார்த்துக் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். இத்தனை வருஷமாகியும் பிழையைத் திருத்தவில்லை. எனக்கு அக்காவைப் பார்க்கவேண்டும் போலிருந்தது.