நாலை விட்ட அணில்

காலை பத்து மணிக்கு டிவியில் பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லித்தரும் சீனி அணில் நிகழ்ச்சியை நடத்துகிற ஐயா அவர்களுக்கு, பண்ணைப்புரம் சங்கிலியம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம், எனக்கு மட்டும் முழங்கால் வலி. அங்கே நீங்களும் அணிலும் நல்லபடியாக இருக்கவேண்டும். போன மாதம் "இந்த அணிலுக்கு எண்ணத் தெரியாது, உடனே வேலையை விட்டு நிறுத்தவும்" என்று ஒரு கார்டு வந்திருக்கும். போட்டது நான்தான். அதைக் கிழித்துவிடவும்.

காரணத்தைச் சொல்கிறேன். போன சித்திரையில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று அங்கே இருந்தவர்கள்: என் மகன் சூரியபிரகாஷ், மருமகள் முத்துலட்சுமி (பச்சைச் சேலை, எனக்கு என்று சொல்லி எடுத்து அவளே கட்டிக்கொண்டது), நாலு வயசுப் பேத்தி யுவராணி, வாத்தியார் ஞானசிகாமணி, கூப்பிடாமலே வந்து நின்ற என் கொழுந்தன் சுருளியாண்டி, அப்புறம் நான். வாத்தியார் மேசையில் நாலு மரக்கட்டையை வைத்து எண்ணச் சொன்னார். பிள்ளை விரலை நீட்டி, "லாபம், ரெண்டு, மூணு, அஞ்சு" என்றாள்.

ஐயா, எங்கள் பக்கம் நெல்லோ மொச்சையோ அளந்தால் முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் ஆரம்பிப்போம். சுருளியாண்டி மொச்சை அளக்கும்போது பேத்தியை மடியில் உட்காரவைத்துக்கொண்டு அளப்பான். பிள்ளை அதையே பாடமாகப் பிடித்துக்கொண்டாள். வாத்தியாருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியல, நாலும் தெரியல. மூணு வாரம் கழிச்சுக் கூட்டியாங்க" என்றுவிட்டார்.

வெளியே வந்ததும் மருமகள் பிடித்துக்கொண்டாள். "அத்தை, அடுத்த தடவையும் இப்பிடின்னா புள்ளைய எங்கம்மா வீட்ல, பழனிசெட்டிபட்டியில விட்டுப் படிக்க வச்சுருவேன். இங்கன இருந்தா உருப்படாது." சுருளியாண்டி சிரிக்கிறான். "மதினி, லாபத்துல ஆரம்பிச்ச புள்ள நட்டமாவா போகும்?" என்கிறான். என் மகன் வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. திராட்சைப் பெட்டி ஏற்றுகிறவன், நூறு பெட்டி ஏற்றினாலும் வாயைத் திறந்து எண்ணமாட்டான், உதடுகூட அசையாது. அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறான். பேத்தி இல்லாத வீட்டில் இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டா நான் உட்கார்ந்திருப்பது?

அப்போதுதான் மேலே மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு டிவியைப் போட்டோம். முதல் நாளே உங்கள் அணில் கூடையில் மாங்காய் எடுத்து வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்றது. எனக்கு வந்ததே கோபம், "ஏலே அணிலு, நாலு எங்கலே?" என்று கத்தினேன். மறுநாளும் விட்டது. அன்றுதான் கார்டு போட்டேன். மூன்றாம் நாள் நான் வாயெடுப்பதற்குள் பக்கத்திலிருந்து "நாலூ!" என்று ஒரு சத்தம். யுவராணி எழுந்து நிற்கிறாள். அணில் தலையில் கைவைத்துக்கொண்டு, "அட ஆமா, மறந்துட்டேன், மறுபடி எண்ணலாமா?" என்கிறது. யாரும் அதைத் திட்டவில்லை. அது வேண்டுமென்றே விடுகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடேயப்பா, என்ன மூளை!

அதற்கப்புறம் ஒரு நாளும் உங்கள் நிகழ்ச்சியைப் பார்க்காமல் விடவில்லை. மூன்று கொய்யா காட்டுகிறீர்கள், மூன்று தடவை கை தட்டச் சொல்கிறீர்கள், மூன்று தடவை குதிக்கச் சொல்கிறீர்கள். கொய்யா வேறு, குதிப்பது வேறு, ஆனால் மூன்று மூன்றுதான் என்பது எனக்கே இந்த வயசில்தான் புரிந்தது. அஞ்சு மாங்காயைத் தள்ளித்தள்ளிப் பரப்பி வைத்து, "இப்ப கூடிருச்சா?" என்று கேட்டீர்களே, நானும் ஒரு நொடி கூடிப்போயிற்று என்றே நினைத்தேன். எல்லாவற்றையும்விட, கேள்வி கேட்டுவிட்டு அணில் காதில் கைவைத்துக்கொண்டு வாயை மூடிக் காத்திருக்கிறது பாருங்கள். எங்கள் வீட்டில் கேள்வி கேட்டவர் பதிலுக்காக வாய் மூடியதை நான் கண்டதில்லை, நானும் மூடியதில்லை.

மூன்று வாரம் கழித்துப் போனோம். வாத்தியார் அஞ்சு கட்டையை வைத்தார். பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்றாள். அதோடு நிறுத்தவில்லை, காதில் கைவைத்துக்கொண்டு, "சார், மொத்தம் எத்தன?" என்று கேட்டுவிட்டு வாத்தியார் முகத்தையே பார்க்கிறாள். அவர் திகைத்துப்போய், "அஞ்சு" என்றார். "கேக்கலையே, சத்தமா!" "அஞ்சும்மா!" "சபாஷ்!" என்று கை தட்டினாள். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளை பண்ணைப்புரத்திலேயே இருக்கிறாள்.

உங்களுக்கும் அணிலுக்குள் கையை விட்டு ஆட்டுகிறவருக்கும் நூறு வயசு. உங்கள் பிள்ளைகுட்டிகள் எண்ணி முடியாத அளவுக்குப் பெருகட்டும். மருமகளைக்கூடச் சேலை விஷயத்தில் மன்னித்துவிட்டேன். லாபம் என்று எண்ணப் பழக்கிப் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கப் பார்த்த சுருளியாண்டியை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிக்கமாட்டேன்.

இப்படிக்கு,
சங்கிலியம்மாள்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் பிழை பார்க்க மகனிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தான். "ஏத்தா, அணிலு நாலை விட்டா மூளைங்கிற. சின்னதுல நான் நாலை விட்டப்ப களி கிண்டுற துடுப்பால போட்டியே, துடுப்பு விண்டுபோச்சே, நெனப்பிருக்கா? அன்னைல இருந்து நான் மனசுக்குள்ளதான் எண்ணுறேன்." எனக்கு நினைப்பில்லை. முப்பது வருசத்தில் எந்தக் கல்யாணத்தில் யார் என்ன சேலை கட்டினாள் என்று சொல்லுவேன், இது மட்டும் இல்லை. பொய் சொல்கிறான் என்று அடுப்படிக்குப் போய்த் துடுப்பை எடுத்துப் பார்த்தேன். காம்பில் செம்புக்கம்பி சுற்றியிருக்கிறது. எதற்குச் சுற்றினேன் என்று இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை. ஐயா, மேலே சுருளியாண்டி என்று எழுதியிருப்பதை அடித்துவிடவும். மன்னிக்க முடியாத ஆள் வேறு. பெயரை அந்த இடத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: சங்கிலியம்மாள்.