நின்ற காரை இடித்தவன்

தன் கார் நின்றுகொண்டிருக்கும்போதுதான் இடிபட்டது என்று ஸ்டமாட்டிஸ் சொன்னதை வோலோஸ் நகரத்தில் ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. காரணம், காரின் கூரையில் இருந்த மஞ்சள் பலகை. ‘ஸ்டமாட்டிஸ் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி’ என்று தெருமுனையிலிருந்தே படிக்கும்படி அதில் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி ஃபானியோடு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பியபோது, வாசலில் நிறுத்தியிருந்த காரின் இடதுபக்கக் கதவுகள் இரண்டும் உள்ளே போயிருந்தன. பக்கக் கண்ணாடி வயரில் தொங்கியது. இடித்தவனைக் காணோம். ஊரே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம். தெருவில் ஒரு பூனைகூட இல்லை.

மறுநாள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருந்த பெண்மணி எல்லாவற்றையும் பரிவோடு கேட்டுக்கொண்டாள்.

"கார் நின்னுட்டிருந்துச்சு, இல்லையா?"

"ஆமாங்க."

"யார் ஓட்டிட்டிருந்தாங்க?"

"யாரும் ஓட்டலம்மா. நின்னுட்டிருந்துச்சு."

"புரியுது. உங்க மாணவர் பேரு என்ன?"

மாணவரே இல்லை என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் மூன்று முறையும் தலையாட்டினாள். கடைசியில், யாரென்று தெரியாத வண்டி இடித்தால் இழப்பீடு உண்டு, ஆனால் பார்த்த சாட்சி ஒருவர் டிராஃபிக் போலீஸில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. அன்று மாலை வர வேண்டிய இரண்டு மாணவர்கள் வரவில்லை. எதிர்த்தெருவில் இன்னொரு ஓட்டுநர் பள்ளி நடத்தும் குந்தூரிஸ், அவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஆறுதலாகத் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டல்தான் ஸ்டமாட்டிஸால் தாங்க முடியாததாக இருந்தது.

நேராகக் காபிக்கடைக்குப் போனார். கடைக்காரன் திராசோஸ் பால்ய நண்பன். விஷயத்தைக் கேட்டதும் மேஜை துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"நான் பாத்தேன்னு சொல்றேன்."

"நீ பாக்கலையேடா."

"பாத்திருந்தா சொல்லியிருப்பேன்ல? அதைத்தான் இப்பச் சொல்லப்போறேன்."

வெள்ளை வேன் ஒன்று இடித்துவிட்டு ஓடியது, அவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். ஊரில் பாதி வண்டி வெள்ளை வேன்தான். யாருக்கும் வம்பில்லை.

ஆனால் திராசோஸ் வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கதையைக் கேட்டுக்கொண்டே காபி ஊற்றியவன். போலீஸ் நிலையத்தில் முதல்முறையாக அவனை நாற்காலியில் உட்காரவைத்து, அவனுக்குக் காபி கொடுத்து, அவன் சொல்வதை எழுதிக்கொண்டார்கள். அவனால் நிறுத்த முடியவில்லை. வெள்ளை வேன், உள்ளே சத்தமாகப் பாட்டு, ஓட்டியவனுக்கு அடர்ந்த மீசை என்று வளர்ந்துகொண்டே போனது. வேனின் பக்கவாட்டில் ஏதாவது படம் இருந்ததா என்று அவர்கள் கேட்டார்கள். இருந்தது என்றான். என்ன படம் என்றார்கள். சுவரைப் பார்த்துச் சற்று யோசித்துவிட்டு, ஆக்டோபஸ் என்றான்.

ஆக்டோபஸ் படம் போட்ட வெள்ளை வேன் வோலோஸில் ஒன்றே ஒன்றுதான். மீன் வியாபாரி சரந்திஸுடையது. அவர் மீசையும் அடர்த்தியானது.

சரந்திஸ் யாரோ எவரோ அல்ல. ஸ்டமாட்டிஸின் கல்யாணத்தில் கிரேக்க வழக்கப்படி மாப்பிள்ளை, பெண் இருவர் தலையிலும் மணமுடி வைத்த தோழர். வியாபாரத்துக்குக் கிளம்பியவரை வேனோடு நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். வேனின் முனையில் என்றைக்கோ வாங்கிய ஒரு சொட்டை இருந்தது வேறு வினையாகிவிட்டது. விசாரணை நீள நீள, வேனில் இருந்த ஐஸ் உருகியது. நிலையத்து முற்றத்தில் ஊர்ப்பூனைகள் எல்லாம் வந்து அணிவகுத்து உட்கார்ந்தன.

சரந்திஸ் அங்கிருந்தே ஃபோன் செய்தார். குரல் மிகவும் அமைதியாக இருந்தது.

"உன் தலையில மணமுடி வச்ச கைடா இது. இதுக்கு விலங்கு மாட்டலாமான்னு யோசிச்சிட்டிருக்காங்க."

ஸ்டமாட்டிஸ் பூனைகளைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினார். அதிகாரியாக இருந்த டெஸ்பினா அவரிடம் கார் ஓட்டக் கற்றவள். மரியாதையாக எழுந்து நின்றாள். சரந்திஸ் இடிக்கவே இல்லை, விட்டுவிடம்மா என்று அவர் கெஞ்சினார்.

"அப்போ சாட்சி சொன்னது பொய்யா சார்? பொய் வாக்குமூலம்னா அவரை உள்ள வைக்கணுமே."

அடையாளம் காட்ட வந்து மூலையில் நின்ற திராசோஸின் முகம் வெளுத்தது. ஒரு பக்கம் மணமுடி வைத்தவர், மறுபக்கம் பால்ய நண்பன். யாராவது ஒருவர் இடித்தாக வேண்டும். ஸ்டமாட்டிஸ் மூச்சை இழுத்துவிட்டார்.

"இடிச்சது நான்தான்மா. காரை நிறுத்தும்போது தூண்ல உரசிட்டேன். வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அப்போ அந்த ஆக்டோபஸ் வேன்?"

"அது அதுபாட்டுக்குப் பின்னாடி போச்சு. திராசோஸ் ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டான்."

தனக்குக் காரை நிறுத்தச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான் என்ற துக்கம் டெஸ்பினாவின் கண்ணில் தெரிந்தது. பிறகு தன்னால் முடிந்த சலுகையைச் செய்தாள். வழக்கு வேண்டாம். ஆனால் சார் மறுபடி பயிற்சி எடுத்து, தேறினேன் என்று சான்றிதழ் கொண்டுவர வேண்டும். அதுவரை யாருக்கும் கற்றுத்தரக் கூடாது. பயிற்சியை வேறொரு பள்ளியில்தான் எடுக்க வேண்டும்.

வேறொரு பள்ளி என்றால் குந்தூரிஸின் பள்ளிதான்.

இன்ஷூரன்ஸ் பெண்மணி தானாகவே கூப்பிட்டு, இழப்பீடு கிடையாது என்று வருத்தத்தோடு சொன்னாள். ஃபோனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்தி, ஒரு மாணவனைக் காப்பாற்றப் பழியை ஏற்றுக்கொண்ட நல்ல மனசு யாருக்கு வரும் என்று பாராட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் கடைத்தெரு முழுக்கப் பார்க்க, ஸ்டமாட்டிஸ் குந்தூரிஸின் காரை நத்தை வேகத்தில் ஓட்டினார். பக்கத்தில் குந்தூரிஸ் உட்கார்ந்து, "பதறாதீங்க, கண்ணாடியைப் பாருங்க" என்று வாஞ்சையோடு சொல்லிக்கொண்டே வந்தான். காபிக்கடை வாசலில் திராசோஸ் தலையைக் குனிந்துகொண்டான். சரந்திஸ் மட்டும் வேனிலிருந்து ஒருமுறை ஹாரன் அடித்தார். அதற்கு மன்னிப்பு என்று பொருளா, கிண்டல் என்று பொருளா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபானி, இனியும் அப்பாவிடம் மறைக்க முடியாது என்றாள். அவள் அப்பா லாம்ப்ரோஸ் மேல்மாடியில் வசித்தார். கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். முழங்கால் வலியால் கீழே இறங்குவதே இல்லை. தன் பெண்ணை ஒரு கேப்டனுக்குக் கொடுத்திருக்கலாம் என்ற குறை அவருக்கு இன்றைக்கும் உண்டு. அதனால்தான் கார் இடிபட்டதையே அவர் காதுக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தார்கள்.

ஸ்டமாட்டிஸ் மாடியேறிப் போய் எதிரே உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். காலி தெரு, ஓடிப்போன பாவி, ஆக்டோபஸ், பூனைகள், குந்தூரிஸ். கிழவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டார். சிரிக்கவில்லை, திட்டவில்லை. எல்லாம் முடிந்ததும் ஒரு சுளையை மருமகனிடம் நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானமா? அன்னிக்கு ஒரு பையன் நம்ம வீட்டு பெல்லை விடாம அடிச்சு, கார் இன்ஷூரன்ஸ் பத்திப் பேசணும்னு கெஞ்சிட்டு நின்னான் மாப்பிள்ளை, எங்களுக்கு எந்த இன்ஷூரன்ஸும் வேணாம்னு நான்தான் மாடியிலேருந்தே விரட்டிவிட்டேன்."