பதினைந்தாவது யானை

துடியலூருக்கு மேற்கே மலையில் அந்த ஆண்டின் வனவிலங்குக் கணக்கெடுப்பு இனிதே நிறைவுற்றது. ‘யானைகள் பதினான்கு, அனைத்தும் காட்டுக்குள்ளேயே நலம்’ என்று வனச்சரகர் வெங்கடபதி கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். மை காய்வதற்குள் அடிவாரத்து விவசாயி காளிச்சாமி மூச்சிரைக்க வந்து நின்றார்.

“ஏனுங்க, கொம்பன் ஒண்ணு என்ற வாழைத்தோப்புல பூந்துபோட்டுதுங்க. முந்நூறு நேந்திரனுங்க! ஆளனுப்பி முடுக்கி உடுங்க.”

சரகர் பதிவேட்டைப் புரட்டினார். “எங்க யானை பதினாலும் காட்டுலதானுங்க இருக்குது.”

“அப்ப இது?”

“பதினஞ்சாவது. உங்க தோப்புல நிக்குது, உங்க வாழையத் திங்குது. அப்ப உங்க யானைதானுங்க. லைசென்ஸ் இருக்குதுங்களா?”

காளிச்சாமி ஜெயிலுக்குப் பயந்து, மேற்படி யானை தன்னுடையதே என எழுதிக் கொடுத்து, உரிமம் பெற்று, தோப்புக்குள் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினார். அதற்குள் பாதித் தோப்பு காலி.

அன்று முதல் அவர் யானைக்காரர் ஆனார். ஊரில் கார் வைத்திருப்பவர்கள் உண்டு, கேபிள் டிவி வைத்திருப்பவர்கள் உண்டு. யானை யாரிடம் இருக்கிறது? கோயில் கமிட்டியார் நோம்பி ஊர்வலத்துக்கு யானையைக் கேட்டு வந்தார்கள். மில்காரர் வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலி கிடைத்தது. “தோப்பு போகுதேனுங்க” என்று மனைவி வள்ளியாத்தாள் மட்டும் புலம்பினார். எனக்கு அந்த அம்மாளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

அடுத்த வாரம் மேலதிகாரிகள் மறுகணக்கெடுக்க வந்தார்கள். காட்டில் பதின்மூன்று யானைகளே இருந்தன. சரகர் ஜீப்பில் பறந்து வந்தார்.

“ஒண்ணு குறைஞ்சா என் வேலை போயிருமுங்க. அது எங்க யானைதான், இப்பவே ஓட்டிட்டுப் போயிடறோம்!”

“கூட்டீட்டுப் போங்க சாமி, நாப்பது மரமாச்சும் மிஞ்சட்டும்” என்று வள்ளியாத்தாள் கும்பிட்டார்.

காளிச்சாமி குறுக்கே விழுந்து மறித்தார். “என்ற ஆனைங்க! அது போயிட்டா என்னைய ஆருங்க மதிப்பாங்க?”

வெங்கடபதி ஆழ்ந்து யோசித்தார். “சரிங்க, யானை இங்கியே இருக்கட்டும். தோப்பைக் காட்டோட சேத்து எழுதிக்கறேன். கணக்கு நேராயிருமுங்க.”

“அப்படிச் சொல்லுங்க!” என்று காளிச்சாமி மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார்.

மறுநாள் தோப்பைச் சுற்றி வேலி எழுந்தது. அரசுக் காட்டில் அத்துமீறிக் குடியிருந்த குற்றத்துக்காகக் காளிச்சாமியும் வள்ளியாத்தாளும் பாத்திரம் பண்டங்களோடு ரோட்டுக்கு வந்தார்கள். சங்கதி ஊர் முழுக்கப் பரவியது.

அன்று மாலைக்குள், தங்களுக்கும் ஆளுக்கொரு யானை வேண்டுமென்று பதினொரு பேர் சரகரிடம் மனுக் கொடுத்திருந்தார்கள்.