தம்ளருக்குள் ஓர் அடுக்களை

அன்பும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அறிவும் உள்ள மச்சானுக்கு அத்தான் எழுதுவது.

இங்கே நான், உன் அக்கா, மகள் சின்னவள் மூவரும் நலம், அங்கே அனைவரும் நலமா என்று தொடங்குவதுதான் முறை. முறைக்குத் தொடங்கியாயிற்று. உண்மையில் இங்கே ஒருவரும் நலமில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ சிரிப்பாய், நான் வாயில் வந்ததைச் சொல்வேன், பக்கத்தில் உன் அக்கா நிற்பாள். அதனால்தான் கடிதம். நீ இரவல் கொடுத்த முகாம் அடுப்பு, சட்டி, மடக்குக் கரண்டி எல்லாம் இதோடு பார்சலில் வருகின்றன. சரிபார்த்து எடுத்துக்கொள். இனி ஜென்மத்துக்கும் அதை என் கண்ணில் காட்டாதே. சின்னவள் கல்யாணம் அதோடு போயிற்று.

பல் டாக்டர் வீட்டுச் சம்பந்தம் எத்தனை இழுபறியில் நின்றது என்று உனக்குத் தெரியும். பிள்ளைகள் இரண்டும் விரும்பிவிட்டார்கள், பெரியவர்கள் நாங்கள்தான் "யோசிச்சுச் சொல்றோம்" என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பையனே கேட்டான். "அங்கிள், ரெண்டு வீட்டாரும் மலைமேல ஒரு நாள் கூடாரம் போட்டுத் தங்குவோம். பழகிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றான். கூடாரம் அவர்கள் பொறுப்பு, சாப்பாடு நம் பொறுப்பு. உன் அக்கா வீட்டு கேஸ் அடுப்பையும் பெரிய பாத்திரத்தையும் எடுத்துத் துடைத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து நீ வந்து சேர்ந்தாய். "என்னக்கா, மலைக்கு யாராவது அண்டாவைத் தூக்கிட்டுப் போவாங்களா? இந்தாங்க அத்தான், மொத்த அடுக்களையும் இதுக்குள்ள அடக்கம்" என்று தம்ளர் அளவுக்கு ஒரு டப்பாவை என் கையில் வைத்தாய். நான் இரும்புக்கடைக்காரன், மச்சான். கனம் இருந்தால்தான் அது சரக்கு என்று நம்பிப் பிழைப்பு நடத்துகிறவன். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று நான் அதை ஆட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? அப்பவே வேண்டாம்னு திருப்பிக் குடுத்திருக்கணும். சம்பந்தி முன்னால் கொஞ்சம் பந்தா காட்டலாமே என்று ஒரு சபலம். உன் அக்கா "ஆறு பேருக்கு இதுலயா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு, இந்தத் தடவை சமையல் என்னோடது" என்று பெரிய பாத்திரத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

மலை ஏறும்வரை நான்தான் ராஜா. டாக்டர் கூடாரத்தைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க, நான் கைவீசிக்கொண்டு முன்னால் நடந்தேன். மேலே போய் உன் அடுப்பைப் பிரித்தால் கொசுக்கால் மாதிரி மூன்று கால். லேசாகக் காற்று வந்தது, சட்டி உருண்டு ஓடியது. நான் என்ன முன்யோசனை இல்லாதவனா? கடையிலிருந்து இரண்டு கிலோ எடைக்கல்லைத் துண்டில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அதை மூடிமேல் வைத்தேன். அவ்வளவுதான், அடுப்பு நமஸ்காரம் பண்ணுவது போல் மெல்லக் குனிந்தது, கொதித்த சூப் மொத்தமும் டாக்டரின் ஷூவுக்குள் போனது. நல்ல வேளை, கழற்றி ஓரமாக வைத்திருந்த ஷூ. அவர் அதைக் கவிழ்த்துவிட்டு எடைக்கல்லைக் கையில் எடுத்தார். "இது எதுக்கு?" "கனத்துக்குங்க." "கனம் வேண்டாம்னுதானே இந்த அடுப்பு?"

வளைந்த காலுக்குக் கல்லை முட்டுக்கொடுத்து நூடுல்ஸ் போட்டேன். ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்குத்தான் வேகிறது. யாருக்கு முதலில் கொடுப்பது? பையனைப் பெற்றவர் என்று டாக்டர் மனைவியிடம் நீட்டினேன். அந்த அம்மா, "எனக்கென்ன அவசரம், மத்தவங்களுக்குக் குடுங்க, நான் வந்து கிளறி விடறேன்" என்று எழுந்தார். எழுந்ததில் தரை அதிர்ந்து அடுப்பு ஆடியது. எனக்கு உயிரே போயிற்று. "உக்காருங்கம்மா! அசையக் கூடாது! சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கவே கூடாது!" என்று கடையில் லோடு இறக்குகிறவர்களிடம் கத்துவது போல் கத்திவிட்டேன். பாவம், பயந்துபோய் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்தது டாக்டர். அவர் ஆசையாக வாயில் வைத்த நேரம் உன் மடக்குக் கரண்டி டப்பென்று மடங்கி உதட்டைக் கவ்விக்கொண்டது. ஊர் வாயையெல்லாம் பார்த்த மனுஷன் போன் கண்ணாடியில் தன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பையன், பிறகு சின்னவள். அதற்குள் முதலில் சாப்பிட்டவருக்கு மறுபடி பசி வந்துவிட்டது, அவருக்கும் கொடுத்தேன். கடைசியாக உன் அக்காவுக்கு என்று வைத்தேன். புஸ்ஸென்றது, கேஸ் தீர்ந்துவிட்டது. வேகாத நூடுல்ஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்தது. "எனக்குப் பசியில்லை" என்றாள். அவள் பசியில்லை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று கூடப்பிறந்த உனக்குத் தெரியாதா? நானும் சாப்பிடவில்லை என்பதை அவள் கவனித்தாளா என்றுகூடத் தெரியவில்லை.

காலையில் கூடாரத்தைச் சுருட்டினார்கள். டாக்டர் வீங்கின உதட்டோடு "ம்" என்றார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த அம்மா வழியெல்லாம் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். போன் செய்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். பையனைக் கேட்டால், "அப்பாவே பேசுவார்" என்கிறானாம். சின்னவள் என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறும். "பரவால்லப்பா"ங்கறா. அந்தப் பரவால்லப்பாவைத்தான் மச்சான் என்னால தாங்க முடியல. வாய் வரைக்கும் வந்த வாழ்க்கையை நானே தட்டி விட்டுட்டேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்களாவது நல்ல கனமான பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட்டு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன்னை நம்பிக் கெட்ட
அத்தான்

பின்குறிப்பு: பார்சலைக் கட்டி முடிச்சுப் போடும்போது போன் வந்தது. டாக்டர்தான். பெண் கேட்பதை வீட்டுப் பெரியவர்தான் வாயால் சொல்ல வேண்டுமாம், உதட்டு வீக்கம் வற்றட்டும் என்று காத்திருந்தார்களாம்! பிறகு அந்த அம்மா வாங்கிப் பேசினார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை உக்கார வெச்சு, முதல் சாப்பாட்டை என் கையில குடுத்த ஆள் நீங்கதாண்ணா. எந்திரிச்சதுக்கு அதட்டக்கூடச் செஞ்சீங்க. அப்படிப்பட்ட அப்பா வளர்த்த பொண்ணுதான் எங்களுக்கு வேணும்." அடுப்பு ஆடியதால் அதட்டினேன் என்று நான் வாய் திறக்கவில்லை, நீயும் திறக்காதே. சின்னவள் துள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது, மச்சான். உன் அக்கா முழுசும் கேட்டுவிட்டாள். அடுக்களையிலிருந்து நேராக வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அது ஆறு பேருக்குத்தானே பத்தாது? ஒருத்திக்குப் போதும்ல?" என்றாள்.

ஆகவே பார்சலைப் பிரித்து, அடுப்புக் காலைக் குறடால் நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். உனக்கு வருவது கரண்டி மட்டும்தான். அந்தச் சின்ன கேஸ் டப்பா எங்கே கிடைக்கும் என்று இதைப் பார்த்ததும் சொல். உன் அக்கா இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.