இடிமுகன் ஏன் அடித்தான்?

"பேச்சை வெட்டுலே தவசி. வாயைத் தொறந்தாலே விசிலடிக்கானுவ."

ஆபரேட்டர் அறை வாசலில் முதலாளி ராஜமணி மூச்சு வாங்க நின்றார். கோவில்பட்டியில் அவருடைய தியேட்டரில் வெள்ளிக்கிழமை மேட்னி ஷோ. இங்கிலீஷ்காரன் எடுத்துத் தமிழ் பேசவைத்த 'இடிமுகன்' ஓடிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கினால் இடி இறங்கும், அப்படியொரு வீரன். அவன் சண்டை போட்டபோது நானூறு பேரும் ஆவென்று பார்த்தார்கள். தன் தாயோடு பேச ஆரம்பித்ததும் ஊளையும் விசிலும் கூரையைப் பிய்த்தன.

ஆபரேட்டர் தவசிக்கு அது பொறுக்கவில்லை. அறையிலிருந்த குட்டி ஸ்பீக்கரில் அந்தத் தாய் பேசியதைக் கேட்டு அப்போதுதான் கண்ணைத் துடைத்திருந்தான். கதையில்லாத சண்டை உப்பில்லாத பண்டம் என்று முனகிப் பார்த்தான். முதலாளி மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஹவுஸ்புல் ஆகாவிட்டால் தியேட்டரைத் தீப்பெட்டி ஆபீஸ்காரருக்குக் குடோனாக விடுவதென்று பேசி வைத்திருந்தார் அவர். இருபது வருஷமாகப் படம் ஓட்டியவனுக்குக் குடோனில் என்ன வேலை இருக்கப் போகிறது?

கத்தரியை எடுத்தான். பேசுகிற காட்சிகளெல்லாம் வெட்டுப்பட்டு வரிசையாக ஆணியில் தொங்கின. சண்டைகளை மட்டும் ஒட்டி மாலைக் காட்சிக்கு ஓட்டினான்.

ஐம்பது நிமிஷத்தில் படம் முடிந்துவிட்டது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. முதல் சண்டையில் இடிமுகனிடம் மிதி வாங்கியவன் மூன்றாம் சண்டையில் அவனுக்காக உயிரை விட்டிருந்தான். என்ன ஏதென்று யாருக்கும் புரியவில்லை.

"எதுக்குலே அடிக்கான்? சொல்லிட்டு அடிக்கச் சொல்லு" என்றார் பெஞ்சிலிருந்து ஒருவர்.

நேரத்தை நிரப்பு என்றார் முதலாளி. சனிக்கிழமை மேட்னிக்கு எல்லாச் சண்டையையும் இரண்டிரண்டு தடவை ஓட்டினான் தவசி. செத்த வில்லன் எழுந்து மறுபடியும் முதலிலிருந்து சாக, இரண்டு நாற்காலி உடைந்தது. சரி, வெட்டியதையே திரும்ப ஒட்டிவிடுவோம் என்று பார்த்தால், ஆடிக் காற்று ஜன்னல் வழியாக வந்து ஆணியில் தொங்கியதையெல்லாம் அள்ளிப் போட்டிருந்தது. கைக்கு வந்ததை வந்தபடி ஒட்டினான். மாலைக் காட்சியில் இடிமுகனுக்கு முதலில் கல்யாணம் நடந்தது, பிறகு பால்பல் விழுந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

ஞாயிறு மேட்னிக்கு வந்தவர்கள் முகத்தைப் பார்த்தால் படம் பார்க்க வந்தவர்களாகவே தெரியவில்லை.  தவசி வெட்டியும் பார்த்துவிட்டான், ஒட்டியும் பார்த்துவிட்டான். விளம்பர வண்டியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் இரண்டையும் அவிழ்த்து வந்து திரைக்கு இரண்டு பக்கமும் கட்டினான். பேச்சுத் துண்டுகளைப் பழையபடி கழற்றிவிட்டுச் சண்டைச் சுருளை மட்டும் ஓடவிட்டு, மைக்கைப் பிடித்துக் கதையைத் தானே சொல்ல ஆரம்பித்தான்.

"கேளுங்க அண்ணாச்சிமாரே. இந்தா வாரான் பாருங்க, இவன்தான் மேகத்தையெல்லாம் பூட்டி வச்சவன். நம்ம பயலோட ஊர்ல ஏழு வருஷமா பொட்டு மழை கெடையாது. பருத்தி கருகிப் போச்சு. ஆத்தாக்காரி சொல்லுதா, போ ராசா, இடியை எறக்கிட்டு வான்னு."

தியேட்டர் கப்சிப்பென்று ஆனது. ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பருத்திக்காட்டுச் சம்சாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதே பழைய குத்துதான், ஆனால் ஒவ்வொரு குத்துக்கும் இப்போது ஒரு காரணம் இருந்தது. மேகத்தின் பூட்டு உடைந்தபோது தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு பெரியவர் துண்டைச் சுழற்றி ஆடினார். தவசிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்படியொரு சந்தோஷத்தை அவன் வாழ்நாளில் கண்டதில்லை.

மாலைக் காட்சிக்கு வரிசை ரயில்வே கேட் வரை நின்றது. ஹவுஸ்புல் பலகையைத் தேடி எடுத்து, ஒட்டடை தட்டி மாட்டினார்கள். முதலாளி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"குடோனும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. கதையே வேண்டாம்னு ஊளையிட்ட சனத்தைக் கதைக்கு ஆட வச்சிட்டியேலே."

தவசி நெஞ்சை நிமிர்த்தினான். இந்த ஊருக்குக் கதை கேட்கச் சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

தியேட்டரைப் பெருக்குகிற சொர்ணத்தாய் திரைக்குப் பின்னாலிருந்து விளக்குமாறும் கையுமாக வந்தாள்.

"இந்தக் குழாயை வெள்ளிக்கிழமையே கட்டியிருக்கலாம்லா அண்ணாச்சி, பின்னால பெரிய ஸ்பீக்கரை எலி கொதறிப் போட்டிருக்கு, இடிச் சத்தம் தவிர ஒண்ணும் வெளங்கல, அந்த ஆத்தா என்ன சொல்லுதான்னு கேக்க முடியலயேன்னுதான் அன்னைக்கு அம்புட்டு பேரும் விசிலடிச்சாவ."