எல்லைக்கோட்டில் நின்ற கால்

ரேவன்பி மாலைச் செய்தியின் ஆசிரியர் திரு. பிரம்லி அவர்களின் மேலான பார்வைக்கு, ஆலைத்தெரு பதினேழாம் எண் இல்லத்திலிருந்து வினிஃப்ரெட் ஓக்டன் மரியாதையுடன் எழுதுவது. தங்கள் துணைவியார் நலமாகவும், தங்கள் முழங்கால் வலி குறைந்தும் இருக்க விழைகிறேன்.

ஐயா, தங்கள் நாளிதழின் செவ்வாய்க்கிழமைப் பதிப்பில், கசாப்புக்கடைக்காரர் திரு. சக்டன் எழுதிய கடிதத்தைக் கட்டம் கட்டி வெளியிட்டிருந்தீர்கள். நமது ரேவன்பி டவுன் கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர் கிளெம் ஹெஸ்கெத் உடனே நீக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். வியாழக்கிழமை மாலை கழக நிர்வாகக் குழு கூடி அதையே முடிவு செய்யவிருப்பதால், அதற்கு முன்பே இம்மறுப்பைத் தாங்கள் வெளியிட்டாக வேண்டும். கிளெம் என் வீட்டு மாடியறையில் குடியிருப்பவர். 'அவர்' என்று எழுதத் தொடங்கிவிட்டேன், ஆனால் பேனா ஒப்பவில்லை. பதினாறு வயதில், கழகம் தன் இளம் ஆட்டக்காரர்களை ஊரார் வீடுகளில் தங்கவைத்த வழக்கப்படி, ஒரு பெட்டியும் கலையாத தூக்கமுமாக என் வாசலில் வந்து நின்றவன் அவன்.

அவன் நடுக்கள ஆட்டக்காரன். கோல் போடுவது அவனுக்கு ஏதோ அநாகரிகமான செயல்போல் தோன்றியது என்று நினைக்கிறேன். பந்து வந்தால் நிமிர்ந்து பார்ப்பான், பிறகு கொடுத்துவிடுவான். என் சாப்பாட்டு மேசையிலும் அப்படியே. யாருக்கேனும் உப்பு வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் எழும் வேளையில், உப்புக் குப்பி அவர் கையருகே வந்து நின்றிருக்கும். எதிரே கிளெம் சன்னலுக்கு வெளியே, மலைமேட்டில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். காலஞ்சென்ற என் கணவர், "ஏம்மா, இந்தப் பய முழிச்சிருக்கானா, தூங்குறானா?" என்று காதோடு கேட்பார். எனக்கும் தெரிந்ததில்லை. பிறகு கழகம் அவனைத் தெற்கே ஒரு பெரிய ஊருக்கு விற்றது. காலை ரயிலில் போனான். அங்கிருந்து இன்னொரு ஊர், அங்கிருந்து வேறொன்று. ஒவ்வோர் ஊரிலும் பிறர் கோல் போட்டார்கள், பிறர் படம் தங்கள் நாளிதழில் வந்தது. அவன் காலடியில் கிறீச்சிட்டு வந்த மாடிப்படிகள் பேச்சை நிறுத்திக்கொண்டன. சென்ற கோடையில் பயிற்சியாளனாகத் திரும்பியபோது கழகம் அவனுக்குத் தனி வீடு கொடுக்க முன்வந்தது. அவனோ என் கதவைத் தட்டி, "ஓக்டன் அம்மா, மேல ரூம் சும்மாத்தானே கெடக்கு?" என்றான்.

இனி, கழகம் புள்ளி அட்டவணையின் அடியில் கிடப்பதற்கு இவனே காரணம் என்ற குற்றச்சாட்டு. என் மேசைதான் அவனுடைய ஆடுகளம். தேநீர்க் குடுவை கோல்காப்பாளர், முட்டைக் கிண்ணங்கள் நடுக்களம், கடுகுச் சாஸ் குப்பி வலப்புறத் தடுப்பாளர். ஒரு வெள்ளிக்கிழமை அணியை அவன் அழகாக நிறுத்தி வைத்துவிட்டுக் கைகழுவப் போன நேரத்தில், சாசேஜ் கொண்டுவந்து கொடுத்த திரு. சக்டன், தாமே அதில் ஒன்றை எடுத்துக் கடுகு தொட்டுத் தின்றுவிட்டு, குப்பியைத் தேநீர்க் குடுவையின் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்த கிளெம் மேசையைப் பார்த்தான். தானே தூக்கக் கலக்கத்தில் அப்படி நிறுத்தியிருக்க வேண்டும் என்று எண்ணி, அப்படியே வரைந்து எடுத்துப் போனான். மறுநாள் முதற்பாதி முழுதும் நமது வலப்புறத் தடுப்பாளர் கோல்காப்பாளரின் தோளை உரசியபடியே நின்றார். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, எனக்கு மூச்சு விட எடமில்ல!" என்று கோல்காப்பாளர் கெஞ்சியது எங்கள் வரிசை வரை கேட்டது. வலப்புறம் வெட்டவெளியாகக் கிடக்க, மூன்று கோல்கள் வாங்கினோம். அன்று மிக உரக்க ஏசியவர் திரு. சக்டனே என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும்.

சென்ற சனிக்கிழமைக்கு வருகிறேன். தூறலும் மூடுபனியும் கலந்து, மைதானத்தின் எதிர்க்கரையில் இருப்பவர்கள் யாரோ நினைத்துப் பார்க்கும் மனிதர்களைப்போல் மங்கலாகத் தெரிந்தார்கள். இரு தரப்பும் கோலின்றித் திணறிக்கொண்டிருந்தன. கிளெம் மழைக்கோட்டும் தோல் செருப்புமாக, கையில் தேநீர்க் கோப்பையுடன் எல்லைக்கோட்டருகே நின்றான். "யோவ் கிளெம்மு! நின்னுக்கிட்டே தூங்குறியா? தலகாணி கொண்டாரவா?" என்றார் என் பக்கத்தில் இருந்த திரு. சக்டன். அப்போதுதான் பனிக்குள்ளிருந்து பந்து உருண்டு வந்தது. எவர் காலிலும் படாமல், எல்லைக்கோட்டைத் தாண்டவும் மனமில்லாமல், பழக்கப்பட்ட வீட்டுக்கு வரும் பூனையைப்போல் நேரே அவனிடம் வந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். கோப்பையிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. கால் அசைந்ததை நான் பார்க்கவில்லை. பந்து எழுந்து பனிக்குள் போய், சிறிது நேரம் ஊரில் யாருக்கும் சொந்தமில்லாமல் மிதந்து, அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருந்த நமது இளைஞன் ரோலியின் காலடியில் இறங்கியது. கோல்.

ஐயா, நடுவரே கோல் என்று மைய வட்டத்தைச் சுட்டிக் காட்டிவிட்டார். திரு. சக்டன் என்னைக் கட்டிக்கொண்டு, "பாத்தீங்களா ஓக்டன் அம்மா! நம்ம பய! நம்ம பய!" என்று அழுதார். எதிரணிப் பயிற்சியாளர் குதித்துக் கூச்சலிட்ட பிறகே, கொடுத்தது யார் என்பது எல்லோருக்கும் உறைத்தது. நடுவர் வந்தார்.

"நீ யாருய்யா?"

"பயிற்சியாளருங்க."

"அப்புறம் ஏன்யா பந்தத் தொட்ட?"

"அவன் ஓடிக்கிட்டு இருந்தானுங்க. குடுக்காம எப்படி இருக்கிறது?"

கோல் செல்லாது என்றார்கள். கிளெமை உடைமாற்றும் அறைக்கு அனுப்பினார்கள். "இவன வீட்டுக்கு அனுப்புங்கய்யா!" என்று திரு. சக்டன் கத்தியபோது, என் தோளில் அவருடைய கண்ணீர் காயவில்லை.

ஆதலின் நான் உறுதிபடக் கூறுவது யாதெனில், அது கால் செய்த பிழை, மனம் செய்ததன்று. கிளெம் ஹெஸ்கெத் இன்று முழுமையான பயிற்சியாளன். மீண்டும் ஆடவேண்டும் என்ற ஆசையின் சாயல்கூட அவனிடம் இல்லை. அவனுடைய பழைய பூட்ஸ் என் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது, அதில் நான் டாஃபடில் பூக்கிழங்குகளை நட்டு வைத்திருக்கிறேன். இதைவிடச் சான்று வேண்டுமா? அவனை நீக்கினால் அதே பெட்டியோடு அதே காலை ரயிலில் போய்விடுவான். இம்முறை திரும்பி வரும் வயது எங்கள் இருவருக்கும் இருக்காது.

தங்கள் அச்சகம் இடையறாது இயங்கவும், தங்கள் இல்லத்தார் அனைவரும் சளியின்றி இக்குளிரைக் கடக்கவும் வேண்டி,

பணிவன்புடன்,
வினிஃப்ரெட் ஓக்டன்

பின்குறிப்பு: சான்றாக அந்தப் பூட்ஸைத் தங்கள் புகைப்படக்காரருக்குக் காட்டலாமே என்று படிக்கு அடியில் பார்த்தேன். கிழங்குகள் மட்டும் இருந்தன, தங்கள் செவ்வாய்க்கிழமைப் பதிப்பின்மீது வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டு. பின்சந்தில் பந்து சுவரில் மோதும் ஓசை கேட்டது. சன்னலைத் திறந்தேன். "என்னடா இது, நாப்பத்தோரு வயசுல?" என்றேன். "காலைலயே கழகத்துல எழுதிக் குடுத்துட்டேன், ஓக்டன் அம்மா. பயிற்சியாளர் வேலை வேணாம், ஆட்டக்காரனாச் சேத்துக்கோங்கன்னேன். சரின்னுட்டாங்க. கரையில நின்னா மூச்சு முட்டுதும்மா," என்றான். பூட்ஸில் மண் இன்னும் ஒட்டியிருந்தது, பதினாறு வயதின் அதே தூக்கம் முகத்தில். ஆகவே மேற்கண்ட கடிதத்தை வெளியிட வேண்டாம். அதற்குப் பதிலாகக் கீழ்க்கண்ட விளம்பரத்தை வெளியிட்டு உதவவும்: ரேவன்பி டவுன் கழகத்துக்குப் பயிற்சியாளர் தேவை. தங்குமிடத்துக்கு ஆலைத்தெரு பதினேழாம் எண்ணை அணுக வேண்டாம். அறை காலியில்லை.