முள்ளங்கி ஏப்பமும் ஜின்செங் சாரும்

தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்று, தாமும் ஏறி உட்கார்ந்த பிறகும், ‘இது ரயில்தானா?’ என்று சந்தேகப்படக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இரும்புலியூரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். கல்லூரியில் சயின்ஸ் வாத்தியார். பெற்றவர்கள் நல்ல பெயர்தான் வைத்திருந்தார்கள். தெருதான் அதை மறந்துவிட்டு ஜின்செங் சார் என்று வைத்துக்கொண்டது.

ஜலதோஷம் மிளகு ரசத்தில் போய்விட்டது என்று யாரும் அவரிடம் சொல்லிவிட முடியாது. “ரசத்தால போச்சா, தானா போச்சா? எப்படிச் சொல்றீங்க?” என்பார். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு ஒருமுறை ரசக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். ஒரு வாரம் தும்மினார். சயின்ஸுக்கு அவர் செய்த உதவி அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு வேர் வந்து சேர்ந்தது. கப்பலில் போய்வரும் சிநேகிதர் கொரியாவிலிருந்து கொண்டுவந்தது. கையும் காலும் வைத்து, குட்டி மனுஷன் மாதிரி இருக்கும். பேர் ஜின்செங். அந்தப் பக்கத்து ஜனங்கள் பலவீனத்துக்கு அதைத்தான் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்களாம். வெளிநாடுகளில் எலிக்குக் கொடுத்து, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று தண்ணீரில் நீந்தவிட்டுப் பார்க்கிறார்களாம். எங்கள் தெரு எலிகளைப் பிடித்து நீந்தவிடுவது நடக்கிற காரியமா? எங்களைப் பிடித்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா டீச்சர். டைபாய்டு வந்து எழுந்தவர், ஒரு வாளித் தண்ணீர் இறைக்க முடியாமல் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பள்ளிக்கூடம் திறக்கும்போது வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

வேறொருவராக இருந்தால் வேரை இடித்து மனைவி வாயில் போட்டிருப்பார். இவர் தெருப் பெண்களைக் கூப்பிட்டுச் சீட்டுக் குலுக்கினார். பாதிப் பேருக்கு வேர்ப்பொடி, பாதிப் பேருக்குக் காய்ந்த முள்ளங்கிப் பொடி, தினம் ஒரு பொட்டலம். யாருக்கு எது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில் எல்லாரும் தண்ணீர் இறைக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பாராம்.

“அக்காவுக்காவது நிஜ வேரைக் கொடுக்கக் கூடாதா?” என்று என் வீட்டுக்காரரை விட்டுக் கேட்கச் சொன்னேன். சாரோடு நேரே பேச எனக்குக் கூச்சம்.

“சொந்தப் பொண்டாட்டிக்குன்னு எடுத்து வெச்சா அது ஆராய்ச்சியா சார்? ஓரவஞ்சனை!” என்றாராம்.

ஆனால் பால்காரக் கன்னியம்மாவிடம் எந்த ரகசியமும் தங்காது. ஒரு நாள் பால் ஊற்றும்போதே சொல்லிவிட்டாள்.

“டீச்சரம்மாவுக்கு முள்ளங்கிதான்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“சார் மூஞ்சிய பாக்கலியா? எனக்கு பொட்லம் குட்த்தா பல்லு தெரிய சிரிக்கிறாரு. அந்தம்மாவுக்கு குட்த்தா, சாவு வூட்ல நிக்கிற மாதிரி தரைய பாத்துகினு கீறாரு!”

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கிண்ணம் மறுவீட்டுக்குப் போனால் வெறுமையாகத் திரும்பாது. அதுதான் வழக்கம். கன்னியம்மாவின் எருமைப் பால் டம்ளர் அவள் பொட்டலத்தோடு சுவர் தாண்டியது. ஸ்டெல்லா அக்காவின் பொட்டலத்தோடு திரும்பியது. சார் யாரைப் பார்த்துச் சிரித்தாரோ அவர்கள் எல்லாரும் முறை வைத்துக்கொண்டு அப்படியே செய்தார்கள். எனக்கு வந்தது முள்ளங்கிதான் போலிருக்கிறது, என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. வெறும் கையோடு இருப்பானேன் என்று முருங்கைக்கீரை சூப் அனுப்பினேன்.

சோதனை நாள் வந்தது. சார் கடிகாரமும் கையுமாகக் கிணற்றடியில் நின்றார். முதலில் ஸ்டெல்லா அக்கா கயிற்றைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் கன்னியம்மா ஒரு ஏப்பம் விட்டாள். முள்ளங்கி வாசனை கிணற்றடி முழுக்கப் பரவியது.

சார் திரும்பினார். மோந்து பார்த்தார்.

“கன்னியம்மா! உனக்கு நான் குடுத்தது முள்ளங்கி இல்லையே?”

“நீ குட்த்தது வேருதான் சார். நான் துன்னதுதான் முள்ளங்கி.”

“அப்போ வேர்?”

எல்லாரும் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தோம். பால் டம்ளரும் சூப்பும் சுவர் தாண்டிய கதை வெளியே வந்தது. சார் குதித்தார். “எல்லாம் பாழ்! பாலும் போச்சா? சூப்புமா? இனிமே வேரா, பாலா, கீரையான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? எவனாவது இதை ஆராய்ச்சின்னு ஒத்துக்குவானா?”

“இன்னா சார் பேஜார் பண்ற? மொதல்ல அங்க பாரு!” என்றாள் கன்னியம்மா.

பார்த்தார். ஸ்டெல்லா அக்கா வாளியை மேலே இழுத்து, குடத்தில் ஊற்றி, இன்னொரு வாளியும் இழுத்திருந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“ஏங்க, குடம் ரொம்பிடுச்சு. எவ்வளவு நேரம் ஆச்சு?”

சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியல, ஸ்டெல்லா. பாக்க மறந்துட்டேன்.”

அப்புறம் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டார். அக்கா கையிலிருந்து கயிற்றை வாங்கினார். வேரைத் தின்றவர், தின்னாதவர் என்று பார்க்காமல் அங்கிருந்த எல்லார் குடத்துக்கும் அவரே தண்ணீர் இறைத்தார். கண்ணில் வழிந்ததை யாரும் பார்க்கக் கூடாது என்று குனிந்துகொண்டே இறைத்தார்.

என் குடம் நிரம்பி வழிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. “போதும் அண்ணா” என்றேன், முதல் தடவையாக அவரிடமே.